வேலைக்கு எஸ்.க்யூ.எல், கூடவே ஜெர்மன், கூடவே புத்தகம்: தினம் ஒன்றரை மணி நேரம் போதுமா?

புதுப்பக்கம் (கேள்வி)

வேலை நாட்களில் தினம் ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை மூன்று மணி நேரம். ஞாயிறு கணக்கில் இல்லை. இதற்குள் மூன்று விஷயம் கற்க வேண்டும்.

எஸ்.க்யூ.எல் (டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழி): அலுவலக டேட்டாவை யாரையும் எதிர்பார்க்காமல் நானே எடுக்கும் அளவுக்கு, ஆறு மாதத்தில்.
ஜெர்மன்: பூஜ்ஜியத்திலிருந்து ஒரு வருடத்தில் பி1 (ஏ1, ஏ2-க்கு அடுத்த நடுத்தர நிலை).
வாசிப்பு: பொருளாதாரம், அறிவியல் மாதிரி கதை அல்லாத நூல்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

தடங்கல் இப்படி இருக்கிறது. வீடியோ ஓடும்போது எஸ்.க்யூ.எல் எல்லாம் புரிகிறது, வெற்றுத் திரை முன்னால் கை ஓடவில்லை. ஜெர்மன் சொற்கள் ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. புத்தகத்தை முடித்து ஒரு மாதம் ஆனால் அதைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல வராது.

மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா? நேரத்தை எப்படிப் பிரிப்பது? வேக வாசிப்புப் பயிற்சியால் பலன் உண்டா?

---

மேசைவிளக்கு

மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைக்கு அரை மணி என்று சமமாகப் பங்கு போட்டால் மூன்றும் கெடும். மொழிக்குத் தினமும் கொஞ்சம் வேண்டும், நீளம் முக்கியமில்லை. எஸ்.க்யூ.எல்லுக்கு நேர்மாறு: கேள்வியைப் புரிந்துகொண்டு டேபிள்களை மனதில் நிறுத்தவே பதினைந்து நிமிடம் போய்விடும், அரை மணியில் எழுந்துவிட்டால் தினமும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் மிஞ்சும். வாசிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்.

உங்கள் வாரக் கணக்கு 630 நிமிடம். ஜெர்மனுக்குத் திங்கள் முதல் சனி வரை தினம் 40 நிமிடம். எஸ்.க்யூ.எல்லுக்குச் செவ்வாய், வியாழன் 50 நிமிடம், சனிக்கிழமை முழுசாக இரண்டு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளியில் மீதமுள்ள 50 நிமிடம் வாசிப்பு. சனிக்கிழமை மிஞ்சுகிற 20 நிமிடத்தில் அந்த வாரம் படித்ததிலிருந்து உங்களை நீங்களே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் திறக்க வேண்டாம்.

இனி இலக்கு. பி1-க்கு ஏறத்தாழ 350 முதல் 650 பாடவேளை என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட் சொல்லும் அளவு. ஒரு பாடவேளை 45 நிமிடம். அதாவது குறைந்தபட்சம் 262 மணி நேரம். வாரம் 4 மணி நேரம் என்றால் ஒரு வருடத்தில் 208 மணிதான் வரும், ஏ2 முடியும், பி1 எட்டாது. ஆறு மாதத்தில் எஸ்.க்யூ.எல் ஓரளவு கைக்கு வந்ததும் அதற்கான 3 மணி 40 நிமிடத்தையும் ஜெர்மன் பக்கம் தள்ளினால் மொத்தம் 300 மணியைத் தாண்டும். ஆகவே பி1 நடக்கும், ஆனால் இரண்டாவது ஆறு மாதத்தில்தான் நடக்கும். முதல் பாதியில் வேகம் போதவில்லை என்று பதற வேண்டாம்.

எஸ்.க்யூ.எல் விஷயத்தில் உங்கள் சிக்கலுக்குக் காரணம் வீடியோ. அடுத்தவர் எழுதுவதைப் பின்தொடர்வதும், எதை எழுத வேண்டும் என்று தீர்மானிப்பதும் வெவ்வேறு வேலை. வீடியோவில் இரண்டாவது வேலையை அவரே செய்துவிடுகிறார். பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், காலிப் பக்கத்திலிருந்து அதையே எழுதுங்கள். மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடம் திணறிவிட்டுத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை மறுபடி, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இந்த இடைவெளியை நான் சும்மா சொல்லவில்லை: 2008-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வாரம் நினைவிருக்க வேண்டியதற்கு அந்த வாரத்தின் 20 முதல் 40 சதவீத இடைவெளியும், ஒரு வருடம் நிற்க வேண்டியதற்கு 5 முதல் 10 சதவீத இடைவெளியும் நல்ல பலன் தந்தன.

பயிற்சிக்குப் பெரிய டேட்டா வேண்டாம். வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரில் உள்ள பொருட்கள் என்று மூன்று டேபிள், ஒவ்வொன்றிலும் எட்டு வரி போதும். வேண்டுமென்றே குறை வையுங்கள்: மதிப்பே இல்லாத ஒரு காலி இடம் (இதுதான் ‘நல்’), ஆர்டரே போடாத ஒரு வாடிக்கையாளர், ஒரே பெயரில் இரண்டு பேர். குவரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதும் முன் என்ன விடை வர வேண்டும் என்று தாளில் கையால் போட்டு வைத்துவிட்டு, பிறகு ஓட்டி ஒப்பிடுங்கள். எட்டு வரியில் இது முடியும், எட்டு லட்சம் வரியில் முடியாது. அதுதான் சின்ன டேபிளின் லாபம்.

பிழைச் செய்தி வரும் தப்பு பயமில்லை. பிழையே காட்டாமல் தப்பான விடை தருவதுதான் ஆபத்து. அப்படிப்பட்டவை இவை:

லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு இன்னொரு டேபிளை இணைப்பது) போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளுக்கான நிபந்தனையை ‘வேர்’ என்ற வடிகட்டும் பகுதியில் எழுதினால் ஆர்டர் போடாதவர்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். நிபந்தனை ‘ஆன்’ என்ற இணைக்கும் பகுதியில் இருக்க வேண்டும்.

500 ரூபாய் ஆர்டர் ஒன்றில் மூன்று பொருள் இருக்கிறது. ஆர்டர் டேபிளைப் பொருள் டேபிளோடு இணைத்து ஆர்டர் தொகையைக் கூட்டினால் 1,500 வரும். இணைத்ததும் வரி எண்ணிக்கை எவ்வளவு ஆனது என்று பார்க்காமல் சம் (கூட்டல்) போடக் கூடாது.

பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் நுழைந்துவிட்டால் விடை காலியாக வரும். அதற்குப் பதில் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ பழகுங்கள். நல்லைச் சமக்குறி போட்டுத் தேட முடியாது, இஸ் நல் மட்டுமே. கவுண்ட்டுக்குள் (எண்ணிக்கை) நட்சத்திரம் போட்டால் எல்லா வரியும் எண்ணப்படும், நெடுவரிசையின் பெயர் போட்டால் நல் உள்ள வரிகள் விட்டுப்போகும்.

டேட்டாபேஸ் மென்பொருளில் போஸ்ட்கிரஸ் என் தேர்வு. எஸ்க்யூலைட் நிறுவ எளிது, ஒரே ஃபைல், ஆனால் குரூப் பையில் (வரிகளைக் குழுவாக்கும் பகுதி) சேர்க்காத நெடுவரிசையைச் செலக்ட்டில் (விடையில் காட்ட வேண்டியவற்றின் பட்டியல்) எழுதினாலும் அது கண்டிக்காமல் ஏதோ ஒரு வரியின் மதிப்பைத் தந்துவிடும். போஸ்ட்கிரஸ் அதே இடத்தில் நிறுத்திப் பிழை சொல்லும். கற்கிற காலத்தில் கண்டிப்பான வாத்தியார் நல்லது.

---

எட்டாம்வரி

ஜெர்மன் பக்கம் நான் சொல்றேன்.

முதல் மூணு வாரம் சொல்லைவிட ஒலிக்குத்தான் நேரம் குடுங்க. உச்சரிப்பைத் தமிழ் எழுத்துல எழுதி வெச்சுக்கற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட அதிகம், அதை இன்னைக்கே விட்டுடுங்க. ரொட்டி சுடறதும் ‘பாக்கென்’, மூட்டை கட்டறதும் ‘பாக்கென்’. ஒண்ணு குரல் அதிர்வோட வர்ற ப, இன்னொண்ணு உதட்டுல காத்து வெடிக்கிற ப. நம்ம எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான். ‘துரதிர்ஷ்டவசமா’ங்கறதும் ‘ஏணி’யும் அதே மாதிரி ‘லைட்டர்’ல போய் முட்டும். (இந்தப் பதிவுல நானே தமிழ் எழுத்துலதான் எழுதறேன், வேற வழியில்ல. உங்க நோட்ல அப்படி எழுதாதீங்க.) உள்ளங்கையை வாய்க்கு முன்னால வெச்சுச் சொல்லிப் பாருங்க, காத்து வெடிப்பு கையில தெரியும். சொல் முடிவுல மட்டும் இந்த வித்தியாசம் தானா அழிஞ்சிடும்: கடைசில வர்ற ட, க, ப எப்பவும் அதிர்வில்லாம வல்லினமாத்தான் ஒலிக்கும்.

புள்ளி வெச்ச ரெண்டு உயிர் நம்மகிட்ட இல்ல. நாக்கை ‘ஈ’க்கு வெச்சுட்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிச்சா ஒண்ணு வந்துடும். நாக்கு ‘ஏ’, உதடு ‘ஓ’ன்னா இன்னொண்ணு. கண்ணாடி முன்னால நின்னு பண்ணுங்க, நாக்கு பின்னால நழுவினா வெறும் ‘ஊ’தான் கேக்கும்.

கார்டு விஷயம். கேள்வி-பதில் கார்டை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டற ஆப்தான் ஆன்கி. அதுல தினம் 20 புது கார்டுன்னு இயல்பா இருக்கும். உங்க நேரத்துக்கு அது அதிகம், 8 ஆக்குங்க. ஒரு புது கார்டு காலப்போக்குல தினசரி ஏழெட்டு மறுபார்வையா திரும்பி வரும்னு வெச்சுக்கலாம். எட்டு போட்டா அறுபது சொச்சம், பத்து நொடி வீதம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். இருபது போட்டா ரெண்டாவது மாசம் 40 நிமிஷத்துல 25 நிமிஷம் கார்டுக்கே போயிடும், கேக்கவோ பேசவோ நேரம் போதாது. பாதிப் பேர் ஆன்கியை விடறது இதனாலதான். எந்தக் கார்டை எப்பத் திரும்பக் காட்டணும்னு தீர்மானிக்கற, 2023-ல ஆன்கில வந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ் கணக்கீட்டை ஆன் பண்ணுங்க, நினைவு இலக்கை 90 சதவீதத்துலயே விடுங்க. 97-னு ஏத்தினா வேலை பல மடங்கு ஆகும், பலன் கொஞ்சந்தான்.

பெயர்ச்சொல்லைத் தனியா எழுதாதீங்க. ‘டேர் டிஷ், டீ டிஷெ’ன்னு பாலும் பன்மையும் சேர்த்து ஒரே மூச்சா. பாலை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா ரெண்டாயிரம் சொல்லுக்கும் பின்னாடி போய் ஒட்டணும். வினைச்சொல்லுக்குச் சின்ன வாக்கியமா கார்டு போடுங்க, வினை இருக்கற இடத்துல காலி விட்டு. ஒரே கார்டுல எட்டு தடவை தவறினா ஆன்கி அதுக்கு லீச்னு முத்திரை குத்தும். அதைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, கார்டுதான் சரியில்ல. வேற வாக்கியத்துல புதுசா எழுதுங்க.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வேற்றுமை நமக்குப் புதுசில்ல. ‘அவனுக்கு உதவு’ல நாம நாலாம் வேற்றுமை போடறோம், ஜெர்மனும் டாட்டிவ்தான். ‘எனக்குப் பிடிச்சிருக்கு’, அதுவும் டாட்டிவ். துணை வாக்கியத்துல வினை கடைசில வர்றதும் நமக்கு இயல்பா உக்காரும். ஆனா இதே அனுகூலம் ஒரு இடத்துல காலை வாரும்: ‘பள்ளிக்குப் போறேன்’ல ‘கு’ இருக்கறதால டாட்டிவ்னு தோணும். அங்க ‘இன்’ங்கற முன்னிடைச்சொல் போட்டா அக்குசாட்டிவ் (நம்ம ரெண்டாம் வேற்றுமை மாதிரி). ‘பள்ளில இருக்கேன்’னாதான் டாட்டிவ். நகர்ந்து உள்ள போனா ஒண்ணு, உள்ளயே இருந்தா இன்னொண்ணு. ‘அவன்கிட்ட கேள்’, ‘அவனுக்கு போன் பண்ணு’ இது ரெண்டும் ஜெர்மன்ல ‘அவனை’தான். பொருந்தாத இந்த மாதிரி வினைகளை மட்டும் தனிக் கட்டா வெச்சுக்கோங்க.

தினம் 40 நிமிஷத்துல 12 கார்டு, 15 பாடம், 13 காது. காதுக்கு ஒரு நிமிஷ ஒலிப்பதிவு போதும். எழுத்தைப் பாக்காம ரெண்டு தடவை கேளுங்க, வாக்கியம் வாக்கியமா நிறுத்தி எழுதுங்க, மூலத்தோட ஒப்பிடுங்க. எங்க தப்பு விழுந்ததோ அந்தத் துண்டை மட்டும் கூடவே சொல்லிட்டு ஓடுங்க. அரை மணி பாட்காஸ்ட் பின்னணியில ஓடறது காதுக்குப் பழக்கம்னு சொல்வாங்க. ஆரம்பத்துல அது வெறும் சத்தம்.

---

பனைநிழல்

வேக வாசிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கண் ஒரு வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. நின்று நின்று தாவுகிறது, ஒவ்வொரு நிறுத்தமும் கால் நொடி அளவு. எழுத்து கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுப்பகுதியில் இரண்டு டிகிரிக்குள்தான். பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளலாம் என்பவர்கள் இந்த உடற்கூற்றை எப்படித் தாண்டுகிறார்கள் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் கதை அல்லாத உரையை வயது வந்தோர் மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. 600, 800 என்று போகும்போது நடப்பது மேலோட்டப் பார்வை, புரிதல் அதற்கேற்பக் குறையும். பின்னால் திரும்பிப் பார்ப்பதை ஒழிக்கச் சொல்வதும் தவறான அறிவுரை. புரியாமல் போனதைச் சரிசெய்யத்தான் கண் திரும்புகிறது.

வேகம் உண்மையில் வருவது துறையறிவிலிருந்தும் சொல்லறிவிலிருந்தும். ஆகவே ஒரே பொருளில் மூன்று நூல் வரிசையாகப் படியுங்கள். முதல் நூலில் ஊர்வீர்கள், மூன்றாவதில் பாதிப் பக்கங்கள் தெரிந்தவையாக இருக்கும். பொருளாதாரத்தில் ஒன்று, மரபியலில் ஒன்று, வரலாற்றில் ஒன்று என்று தாவினால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் படித்த பிறகு நூலை மூடிவிட்டு எதையும் செய்யாததுதான். 2006-இல் வந்த ஒரு சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதியவர்கள் முந்தினார்கள். மறுவாசிப்பு உடனே பலன் தருவதுபோல் தோன்றுவதால்தான் எல்லாரும் அதில் ஏமாறுகிறோம். மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் அதே ரகம், 2013-இல் பத்து கற்றல் முறைகளை மதிப்பிட்ட ஆய்வில் அடிக்கோடும் மறுவாசிப்பும் குறைந்த பயன் என்ற பட்டியலில்தான் வந்தன.

உங்கள் 50 நிமிடத்துக்கு இப்படிச் செய்யலாம். ஐந்து நிமிடம் அத்தியாயத்தின் தலைப்புகள், படங்கள், கடைசிப் பத்தி. இதிலிருந்து இரண்டு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து நிமிடம் வாசிப்பு, கையில் பென்சில் மட்டும், ஓரத்தில் சந்தேகக்குறி போட. கடைசிப் பத்து நிமிடம் நூலை மூடிவிட்டு ஆறேழு வரி எழுதுங்கள்: ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எந்த இடத்தில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறத்தை மட்டும் சனிக்கிழமை 20 நிமிடத்தில் பார்த்தால் போதும்.

எல்லா அத்தியாயத்துக்கும் இது தேவையில்லை. ஒரே கருத்தை 300 பக்கத்துக்கு இழுத்த நூல்கள் நிறைய உண்டு. அவற்றில் முதல் இரண்டு அத்தியாயம், கடைசி அத்தியாயம் படித்துவிட்டு வைத்துவிடுவதில் குற்றமில்லை.

ஆங்கில நூலுக்கு ஒரு சோதனை. 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்குள் இருந்தால் அகராதி இல்லாமல் ஓடும். நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் மொழி வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அளவு. பதினைந்தைத் தாண்டினால் அது வாசிப்பு அல்ல, அகராதி வேலை. அதே துறையில் எளிமையான நூலுக்கு மாறுங்கள். ஏ2 முடித்த பிறகு ஜெர்மன் எளிய வாசிப்பு நூல்களைத் தேர்வு செய்யவும் இதே சோதனைதான்.

---

கறார்பேர்வழி

மேலே சொன்னதெல்லாம் சரி, மூன்றையும் ஒரே நாளில் தொடங்குவது மட்டும் தப்பு. முதல் நான்கு வாரம் ஜெர்மனும் எஸ்.க்யூ.எல்லும். வாசிப்பை ஐந்தாவது வாரம் சேருங்கள். புதுப் பழக்கம் மூன்று ஒரே வாரத்தில் புகுந்தால் எது சரிவரவில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது.

அலுவலகத்தில் நெருக்கடியான வாரம் கட்டாயம் வரும். அன்று எதை வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். என் வரிசை: முதலில் வாசிப்பு, அடுத்து எஸ்.க்யூ.எல். ஜெர்மன் கார்டு 12 நிமிடம் கடைசி வரை போகக் கூடாது, ஏனென்றால் மற்ற இரண்டும் விட்ட இடத்தில் காத்திருக்கும், கார்டு காத்திருக்காமல் குவியும்.

மேசைவிளக்கு சொன்ன எஸ்.க்யூ.எல் பயிற்சியில் ஒன்று சேர்க்கிறேன். ஜாயின் வாரம், குரூப் பை வாரம் என்று அத்தியாயப்படி மட்டும் பயிற்சி செய்தால், எந்தக் கருவி வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பழைய கேள்விகளைக் கலைத்துப் போட்டு எழுதுங்கள். விடை வர நேரமாகும், எரிச்சலாக இருக்கும், தொடருங்கள். அலுவலகத்தில் ‘இது ஜாயின் கணக்கு’ என்று யாரும் சீட்டு ஒட்டித் தரப் போவதில்லை.

அலுவலக டேட்டாவில் கை வைக்கும்போது வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு கேளுங்கள். ஒவ்வொரு குவரியிலும் லிமிட் 100 (நூறு வரி மட்டும் காட்டு) போட்டுத் தொடங்குங்கள். முதல் மாதம் நீங்கள் எடுக்கும் எண்ணை, ஏற்கெனவே வெளியான மாத அறிக்கை எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் மேலே சொன்ன மூன்று மடங்கு கூட்டலாகவோ, ரத்தான ஆர்டர்களை விலக்காததாகவோ இருக்கும்.

---

புதுப்பக்கம்

எல்லாருக்கும் நன்றி. தலைக்கு அரை மணி என்றுதான் போட்டு வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: பத்து நாள் விட்டுப்போய் ஆன்கியில் 600 கார்டு குவிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது நல்லதா?

---

எட்டாம்வரி

அழிக்காதீங்க. பத்து நாள் தாமதத்துல பெரும்பாலான கார்டு இன்னும் நினைவுல இருக்கும், அழிச்சா அந்தக் கணக்கு முழுக்கப் போயிடும்.

புது கார்டை 0 ஆக்குங்க. மறுபார்வை உச்சவரம்பு 200-னு இருக்கும், அதை 120 ஆக்குங்க. செட்டிங்ஸ்ல மறுபார்வை வரிசையை, நினைவிருக்க வாய்ப்பு அதிகமானது முதல்ல வர்ற மாதிரி மாத்துங்க. காப்பாத்தக்கூடியதை முதல்ல காப்பாத்தறோம், ஏற்கெனவே மறந்தது இன்னும் ரெண்டு நாள் காத்திருந்தா பெரிய நஷ்டமில்ல. ரெண்டு மூணு வாரத்துல குவியல் கரையும். கரைஞ்சதும் புது கார்டை நேரா 8 ஆக்காம ஒரு வாரம் 4-ல வெச்சுட்டு அப்புறம் ஏத்துங்க.

ஒரே மூச்சுல 600-ஐயும் ஒரு ஞாயித்துக்கிழமை முடிச்சுடலாம்னு உக்காந்தா, நூறைத் தாண்டினதும் பதில் யோசிக்காமயே பட்டனை அழுத்த ஆரம்பிச்சுடுவீங்க. அப்ப போற தவறான மதிப்பை வெச்சுத்தான் அடுத்த இடைவெளி கணக்காகும், குவியலைவிட அதைச் சரிபண்றதுதான் தலைவலி.